பதம் போடாத உளிகள்

ரத்தமுங்களா? எங்க, இந்தக் காதா? அட ஆமா, ஈரமா இருக்குது. நான் வேர்வைன்னு நெனச்சிட்டு இருந்தனுங்க. வேண்டாங்ணா, கர்ச்சீப்பெல்லாம் வேண்டாம், வீணாப் போயிரும். கீறல்தான். இது ஒண்ணுமே இல்லீங்க. ஒரு விரக்கடை இந்தப் பக்கம் வந்திருந்தா என்ற கண்ணு போயிருக்கும். அதை நெனச்சுத்தான் இப்படி உக்காந்திருக்கேன்.

மணி என்னங்க ஆச்சு? உங்க வாட்ச் சரியா ஓடுதுங்களா? இந்த பஸ் கிணத்துக்கடவுக்குப் பதினோரு மணிக்குள்ள போயிருமில்ல? போயிரும், போயிரும். உக்கடத்துல எடுத்தப்பவே கண்டக்டர்கிட்டக் கேட்டேன், "ரோடு நல்ல ரோடு, பறந்துரும்"னாரு. பாருங்க, பறக்குற லட்சணத்தை. ஒரு ஆளுக்கு நிறுத்துறான், அந்த ஆளு ஏறவே இல்ல, வழி கேட்டுட்டுப் போறான். ஏனுங் டிரைவரண்ணா, சித்த அழுத்துங்க!

பைக் இருக்குதுங்க. ஏறியும் உக்காந்தேன். ரெண்டு தடவை வண்டி அணைஞ்சு போச்சு, ஓட்டுற நெலமையில நான் இல்ல. காரு ஒண்ணு புக் பண்ணினேன், அவன் வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு கேன்சல் பண்ணிட்டான். அதான் பஸ்ஸு. இதுதான் வேகம், வேற வழி இல்ல.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. கணபதி ஏரியாவுல சின்னதா பட்டறை வெச்சிருக்கேன். உளி, பஞ்ச், சுத்தி, இந்த மாதிரிக் கைச்சாமான்தான். கிணத்துக்கடவு தாண்டி ஒரு ஐ.டி.ஐ. இருக்குதுல்ல, அங்கதான் என்ற பொண்ணு ரேணுகா படிக்கிறா. ஃபிட்டர். ஆமாங்க, பொண்ணுதான், ஃபிட்டர்தான். எல்லாரும் உங்களை மாதிரித்தான் மொகத்தைத் தூக்குவாங்க. அந்த வகுப்புல மொத்தமே ரெண்டு பொண்ணுங்க. அதுல ஒண்ணு என்றது.

இன்னிக்கு டீ பிரேக் முடிஞ்சு அவிங்களுக்குச் செதுக்குற பிராக்டிகல். இரும்புக் கட்டியை வைஸ்ல வெச்சு அசையாம முறுக்கிப் பிடிச்சு, உளியை வெச்சு, சுத்தியில அடிச்சுச் சீவோணும். அந்த உளி நான் குடுத்த உளி. ஒவ்வொண்ணுலயும் என்ற பேரு பஞ்ச் பண்ணியிருக்கு. அந்த உளியில ஒரு அடி விழுந்தா போதும், எந்தப் புள்ளை கண்ணுல எந்தச் சில்லு பாயும்னு யாருக்கும் தெரியாது.

எப்படித் தெரியும்னா, காத்தால எனக்கு நடந்துச்சுங்களே. பட்டறை மிசின்ல ஒரு நட்டு துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. வெட்டி எடுக்கலாம்னு, ஐ.டி.ஐ.க்குப் போனது போக மிச்சமிருந்த உளியில ஒண்ணை எடுத்து வெச்சு ஒரே போடு. டக்குனு ஒரு சத்தம். காதுகிட்ட என்னமோ விர்ருனு போச்சு. திரும்பிப் பாத்தா பின்னால தொங்குன காலண்டர்ல ஓட்டை. உளியோட தலை, சுத்தி படற இடம், அதுல ஒரு மூலையே இல்ல. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உளியை அடிச்சு வடிவம் பண்ணுனா மட்டும் போதாது, அப்ப அது வெறும் இரும்புத் துண்டு. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கோணும். முக்குனா கல்லு மாதிரி இறுகும். ஆனா அதோட விட்டா அது கண்ணாடிங்க. இறுகுனது எல்லாம் அடி தாங்காது. மறுபடியும் மெதுவா, அளவாச் சூடு காட்டோணும். அப்பத்தான் அந்த முறுக்கு அடங்கும். அதைத்தான் நாங்க பதம் போடறதுன்னு சொல்றது. அதுலயும் தலைப்பக்கம் இன்னும் மெத்துனு இருக்கோணும், ஏன்னா சுத்தி விழுறதே அங்கதான். இந்த உளிங்க காய்ச்சி முக்கினதோட நிக்குது. பதம் போடல. தலையிலயிருந்து முனை வரைக்கும் கண்ணாடி.

எங்கப்பா காலத்துல இது நடக்க வழியே இல்லீங்க. அவரு கரி உலைதான். உளியோட முனையை மட்டும் தண்ணியில காட்டுவாரு, பின்பக்கம் கனகனன்னு இருக்கும். வெளிய எடுத்து முனையை ஒரு தேய்ப்பு தேச்சுட்டுப் பாத்துக்கிட்டே இருப்பாரு. பின்னால இருக்குற சூடு முன்னால ஓடி வரும். முதல்ல வைக்கோல் நெறம், அப்புறம் கத்திரிப்பூ நெறம், அப்புறம் நீலம். வேணுங்கற நெறம் முனைக்கு வந்ததும் டபக்குனு முக்கிருவாரு. இறுகறதும் பதமும் ஒரே கையில, ஒரே மூச்சுல முடிஞ்சிரும். தலையில தண்ணியே படாது, அது பாட்டுக்கு மெத்துனு இருக்கும். நடுவுல எந்திரிச்சுப் போக முடியாது, மறக்கவும் முடியாது. ஆனா அப்படிச் செஞ்சா நாளெல்லாம் குனிஞ்சாலும் ஒரு கூடை உளி வராதுங்க. நான் கரண்ட் அடுப்பு போட்டேன். ஒரு தட்டு உளியை மொத்தமா உள்ள தள்ளி, மொத்தமாக் காய்ச்சி, மொத்தமா முக்கிரலாம். பதத்துக்குத் தனி அடுப்பு. இன்னிக்கு இது, நாளைக்கு அது. மீட்டர் இருக்கு, நெறம் பாக்க வேண்டியதில்ல. கணபதியில என்னைப் பாத்துத்தான் நாலு பேரு போட்டாங்க.

அந்த இன்னிக்குக்கும் நாளைக்கும் நடுவுலதான் இந்தத் தடவை ஆயுத பூஜை வந்து உக்காந்துருச்சு.

அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? சொல்லுங்க.

முந்தின நாள் உளியை முக்கி எடுத்தாச்சு. மறுநாள் பதம் போடோணும், ஆனா மறுநாள் பூஜை. அடுப்பை அணைச்சு, மிசினையெல்லாம் கழுவி, பட்டை போட்டு, மாலை போட்டாச்சு. பூஜைக்கு ரேணுகாவோட வாத்தியாரு மாசிலாமணி சாரும், அவங்க பிரின்சிபாலும் வர்றாங்க. நான்தான் கூப்பிட்டிருந்தேன். பாத்தா சாமி முன்னாடி வெக்கிறதுக்குச் சரக்கே இல்லீங்க, தீபாவளி ஆர்டர்னு எல்லாம் போயிருச்சு. பலகை காலியாக் கெடக்குது. பெரிய மனுசங்க வர்ற நேரத்துல பலகை காலியா இருந்தா என்ன நெனப்பாங்க? அதனால அந்த உளிங்களை எடுத்து, பாலிஷ் சக்கரத்துல போட்டுப் பளபளன்னு ஆக்கி, அடுக்கி வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுட்டேன். அம்மன் முன்னாடி ஜொலிச்சுதுங்க. ஒண்ணும் தப்பு இல்லையே?

எங்க பட்டறையில ஒரு வழக்கம் இருக்கு, அதையும் சொல்லிர்றேன். அரைகுறை வேலையைச் சாமி முன்னாடி வெக்க மாட்டோம். பொட்டு வெச்ச சரக்குன்னா முடிஞ்ச சரக்கு. எங்கப்பா வெச்ச வழக்கம். நானும் அதை ஒரு நாளும் மீறினதில்ல. இது அவசரத்துக்கு ஒரு நாள்.

பிரின்சிபால் வந்தாரு, பாத்தாரு, "அருமையா இருக்குதுங்களே"ன்னு சொன்னாரு. எனக்கு உடனே வாயில வந்துருச்சு, "இது அத்தனையும் நம்ம பசங்களுக்குத்தான் சார், என்ற அன்பளிப்பு"ன்னு. ரேணுகா பக்கத்துலதான் நின்னா. அவ மொகத்தை நீங்க பாத்திருக்கோணும். அந்த வகுப்புப் பசங்க அவளை என்னெல்லாம் பேசுவாங்க தெரியுங்களா? "ஃபிட்டருக்கு வளையல் போட்ட கை எதுக்கு"ம்பானுங்களாம். "அப்பா, இனி எவனும் பேச மாட்டான், எல்லார் கையிலயும் உங்க பேரு இருக்கும்"னா. அதைக் கேட்டப்ப எனக்கு வேற என்னங்க தோணும்?

அப்புறம் லீவு. லீவு முடிஞ்சு நான் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பூர் போயிட்டேன். காளிதாஸ்னு எங்க ஆளு, பதினஞ்சு வருசமா இருக்கான். பூஜைக்கு ஊருக்குப் போனவன் அன்னிக்குத்தான் வந்தான். உளியைப் பாத்திருக்கான், பொட்டு இருந்திருக்கு, பெட்டியில கட்டி ரிப்பன் வெச்சு அனுப்பிட்டான். படுபாவி. ஒரு வார்த்தை கேக்கலாமில்லீங்க? என்னது? இல்ல, கேட்டேன்னுதான் சொல்றான். போன்ல "அண்ணா, ஐ.டி.ஐ. உளி முடிஞ்சுதானே இருக்கு?"ன்னு கேட்டானாம், நான் "அதான் பொட்டு வெச்சிருக்குல்ல, அனுப்பு"ன்னு சொன்னனாம். கல்யாண வீட்டுல நாதஸ்வரம், தவில். அதுல நான் என்ன சொன்னேனோ. அப்படியே சொல்லியிருந்தாலும், பாலிஷ் போட்ட பளபளப்புல பதத்தோட நெறமே இல்லையேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? கண்ணு எங்க போச்சு அவனுக்கு?

இன்னும் ஒண்ணு கேளுங்க. மாசிலாமணி சார் அதுல அரம் போட்டுப் பாத்திருக்காரு. கெட்டியா இருக்கான்னு பாக்க அரத்தை வெச்சு ஒரு இழுப்பு இழுப்பாங்க. மெத்துன்னா அரம் கடிக்கும், கெட்டின்னா வழுக்கும். வழுக்கிட்டு ஓடுச்சாம். எனக்குப் போன் பண்ணி, "சார், இவ்வளவு கெட்டியான உளியை நான் என்ற சர்வீஸ்ல பாத்ததில்ல"ன்னாரு. நான் வீடு பூரா சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டேன். அவ்வளவு கெட்டின்னா பதம் போடலைன்னு அர்த்தம், அது எனக்கு அப்ப உறைக்கலீங்க.

மணி என்ன? ஐயோ. மலுமிச்சம்பட்டி இப்பத்தான் வருதா?

போனா? அதைத்தானே எல்லாரும் சொல்றாங்க. என்ற சம்சாரமும் அதேதான் கத்துனா, "போனைப் போடுங்க, போனைப் போடுங்க"ன்னு. ரேணு போன் லாக்கர்ல இருக்கும், வகுப்புக்குள்ள விட மாட்டாங்க. ஆபீசுக்குப் பண்ணினா ஒரு பொண்ணு எடுக்கும், "என்ன விசயம்"னு கேக்கும். அதுகிட்ட என்னன்னு சொல்றது? மாசிலாமணி சாருக்குப் பண்ணினேனுங்க. பண்ணாம இல்ல. ரெண்டு ரிங் போச்சு. எடுக்கல. நான் வெச்சுட்டேன். இல்ல, ரெண்டு ரிங்குக்குள்ள எடுக்கோணுமுங்க, எடுக்குறவங்கன்னா எடுத்துருவாங்க.

நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இது போன்ல சொல்ற விசயமில்ல. நேர்ல போயிட்டா சுலபமா முடிஞ்சிரும். "சார், இதைவிட நல்ல உளி ஒரு செட்டு வந்திருக்கு, மாத்திக் குடுக்குறேன்"னு சொல்லி பெட்டியைத் தூக்கிட்டு வந்துருவேன். யாருக்கும் எதுவும் தெரியாது. ரேணுவுக்கும் தலைகுனிவு இல்ல. போன்ல சொன்னா என்ன ஆகும்? பிரின்சிபால் வரைக்கும் போகும். என்ற பேரு போட்ட உளி, இந்தத் தெய்வசிகாமணி குடுத்தது, கண்ணைக் குத்துற உளின்னு ஆயிரும். அப்புறம் அவ அந்த வகுப்புல எப்படி உக்காருவா? அவளுக்காகத்தான் யோசிக்கிறேன்.

என்னங்க அப்படிப் பாக்குறீங்க?

பயமா இருக்குதுங்ணா. நெசமாச் சொல்றேன், எனக்கு இந்த மாதிரி பயந்து பழக்கமே இல்ல. கண்ணை மூடுனா அந்த விர்ருன்னு போன சத்தம் வருது. அவ குனிஞ்சுதான் அடிப்பா. நான் பாத்திருக்கேன், மொகத்தைக் கிட்டக் கொண்டு போயி அடிப்பா, கோடு தப்பக் கூடாதுன்னு. சில்லு படாம கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருப்பாங்களா? போடச் சொல்லித்தான் ரூலு. போன மாசம் அவ கண்ணாடி வாங்கக் கேட்டப்ப, "ஆசாரி வீட்டுப் புள்ளைக்குக் கண்ணாடி எதுக்கு அம்மிணி, நானெல்லாம் போட்டனா"ன்னு சிரிச்சேன். சும்மா கேலிக்குச் சொன்னதுதான். வாங்கியிருப்பா. வாங்கியிருப்பாளுங்க இல்ல?

இருங்க. போனு. மாசிலாமணி சார்.

என்ன பண்றது? எடுக்கட்டுமா? எடுக்குறேன், எடுக்குறேன், கையைத் தட்டாதீங்க. பஸ்ஸுல போடுற இந்தப் பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்ல போடுறேன்.

வணக்கம் சார்! ஆமாங் சார், நான்தான் பண்ணினேன். மிஸ்டு காலா? ஆமா ஆமா. சும்மாதான் சார், சும்மா. ஆங்? ஆரம்பிக்கப் போறீங்களா? டீ பிரேக் சீக்கிரம் விட்டுட்டீங்களா? என்ன சார், கேக்கல. முதல் அடி ரேணுகாவா? நான் குடுத்த உளிங்கறதால அவதான் முதல்ல அடிக்கோணும்னு பசங்களே சொல்றாங்களா?

கேட்டீங்களா? அவதான் முதல்ல அடிக்கிறாளாம்.

சார், சார், இன்னிக்கு வேண்டாம் சார். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, இப்ப ராகு காலம். பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கு சார். அது வரைக்கும் நிறுத்தி வைங்க, நான் வந்துட்டே இருக்கேன், நேர்ல நின்னு பாக்கோணும்னு ஆசை. சிரிக்காதீங்க சார். பரீட்சை ராகு காலம் பாத்து வராதுதான், சரிதான். இல்ல சார், நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல. அப்படியா. பீரியட் முடிஞ்சிருமா. சரி, ரேணுகிட்ட ஒரு நிமிசம் குடுங்க சார். ஒரே நிமிசம்.

அம்மிணி! அப்பாடா, நீ பேசுறியா. கேளு, அப்பா சொல்றதைக் கேளு. கேள்வி கேக்காத. வயித்து வலின்னு சொல்லிட்டு வெளிய வந்துரு. உளியைத் தொடாத. வெளிய வந்து மரத்தடியில நில்லு, நான் வந்துர்றேன். என்னது? அங்கயும் ஸ்பீக்கர்ல இருக்குதா? எல்லாரும் கேக்குறாங்களா?

சிரிக்கிறானுங்க. கேக்குதுங்களா உங்களுக்கு? என்ற புள்ளையைப் பாத்துச் சிரிக்கிறானுங்க.

இல்ல, என்னது, அதான் யோசிக்கிறேன், நீங்க சொல்றது சரிதான். அவ வெளிய வந்தா அடுத்தவன் அடிப்பான். அது யாரு வீட்டுப் புள்ளையோ. தெரியுது, எனக்குத் தெரியுது. என்னைச் சித்த யோசிக்க விடுங்க.

அம்மிணி? அம்மிணி, என்ன சத்தம் அது? வைஸ் முறுக்குறாங்களா? யாரு முறுக்குறா? நீயா? வேண்டாம் சாமி, அடம் பிடிக்காத. அவனுங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுங்க. பயந்தாங்கொள்ளின்னு சொன்னா சொல்லட்டும். ரேணு. ரேணு! போனை யாருகிட்டக் குடுத்தா? சார்! சுத்தியை எடுத்துட்டாளா?

அடிக்காதீங்க! யாரும் அடிக்காதீங்க! சார், அந்த உளிக்குப் பதம் போடல! காய்ச்சி முக்கினதோட இருக்கு, பதம் போடல! அடிச்சா தெறிக்கும், கண்ணு போயிரும்! இல்ல சார், எங்க ஆளு இல்ல, காளிதாஸ் இல்ல, நான். நான்தான் சார். பதம் போடாததுக்குப் பாலிஷ் போட்டு நான்தான் பொட்டு வெச்சேன், நான்தான் அனுப்பச் சொன்னேன். என்ற பேரைப் போட்டு நான்தான் குடுத்தேன். ஒருத்தரும் தொடாதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், ஒருத்தரும் தொடாதீங்க!

சார்?

டிரைவரண்ணா, அந்தப் பாட்டை நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணா!

சார்? லைன்ல இருக்கீங்களா? ஏன் ஒரு சத்தமும் இல்ல? யாராவது பேசுங்க.

பேசுறாரு. பேசுறாருங்க. ஆங், சொல்லுங்க சார். எல்லாத்தையும் வாங்கிட்டீங்களா? எண்ணிப் பாத்துட்டீங்களா? பெட்டியில போட்டுப் பூட்டிருங்க சார், பூட்டிருங்க. யாரும் அடிக்கலையே? உறுதியா யாரும் அடிக்கலையே? சரிங் சார். தெரியும் சார். பிரின்சிபால் என்ன சொன்னாலும் சரி, நான் வந்து நிக்கிறேன். என்னை என்ன வேணாலும் கேளுங்க.

ரேணு எங்க சார்? பக்கத்துல நிக்கிறாளா? குடுங்க. ஏன்? பேச மாட்டேங்கறாளா? பசங்க முன்னாடியா... அழுவுறாளா?

சார், அவ மொகத்தை நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். ரெண்டு கண்ணுலயும்தானே அழுவுறா?